காது குத்திய பானை

வாருங்கள், எல்லாரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதை பழையதுதான். ஆனாலும் சொல்லத் தொடங்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, என்ன செய்ய.

வெகு காலத்துக்கு முன்னால், கடலோரத்தில் உவர்மங்கலம் என்று ஒரு சின்ன ராச்சியம் இருந்தது. எவ்வளவு சின்னது என்றால், அரண்மனையில் ராசா தும்மினால் எல்லையில் நிற்கும் காவல்காரன் "நூறு வயசு" என்பான். அந்த ஊரில் மண்ணில் உப்பு, காற்றில் உப்பு, கிணற்றுத் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு. மரம் என்றால் பனை. செடி என்றால் உமரி. தலையில் வைக்கிற பூவை மட்டும் யாரும் கண்டதில்லை. பெண்கள் கொண்டையில் சிப்பிச் சரம் சுற்றிக்கொண்டார்கள். சாமிக்கும் சோழி மாலைதான். இந்த லட்சணத்தில் ராசாவின் பெயர் பூந்தார்வேந்தன்.

அந்த ஊரில் ஆவுடை என்று ஒரு குயத்தி இருந்தாள். அவளுடைய சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் தெருவே நின்று பார்க்கும். அவள் செய்த பானை ஒழுகாது. ஒழுகாது என்றால் ஒரு சொட்டும் ஒழுகாது. சூளையிலிருந்து எடுத்த பானைக்கு உள்பக்கம் தண்ணீர் கசியாமல் குங்கிலியப் பிசின் பூசுவாள். பிறகு தண்ணீர் நிரப்பி, காய்ந்த சாம்பல்மேல் ஒரு பகல் முழுக்க வைத்துவிடுவாள். சாம்பலில் ஒரு புள்ளி நனைந்திருந்தாலும் பானையைத் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டுத்தான் சோறு தின்பாள்.

நல்ல தண்ணீருக்குத் தவிக்கிற ஊர் ஆயிற்றே, ஒழுகாத பானைக்கு அப்படி ஒரு மரியாதை. ஓட்டைப் பானைக்கோ அங்கே ஒரே ஒரு வேலைதான் உண்டு. சுடுகாட்டில், கொள்ளி வைக்கிறவன் தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்து மூன்று சுற்றுச் சுற்றும்போது, சுற்றுக்கு ஓர் ஓட்டை போடுவார்கள். அதனால் வீட்டில் ஓட்டைப் பானை இருப்பதே ஆகாது என்று எல்லாரும் பயந்தார்கள்.

ஆவுடை வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் உப்பளம். அதைப் பார்த்துக்கொண்டவள் குருவம்மை. ஒரு காலத்தில் இரண்டு பேரும் "மைனி, மைனி" என்று அண்ணி முறை சொல்லிக் கூப்பிட்டு உயிரை விடுவார்கள். மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு சந்தை நாளில், பத்துப் பேர் நிற்கும்போது குருவம்மை வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: "மைனி, நீங்க குடுத்த பானை ஒழுகுதே."

அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய வாயை ஆவுடை அவளிடம் திறக்கவே இல்லை. அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உப்பு வேண்டுமென்றால் வேலியைத் தாண்டினால் போதும், அள்ளிக்கொண்டு வரலாம். அவளோ அடுத்த ஊருக்கு நடந்துபோய் உப்பு வாங்கி வருவாள். உப்பு விளைகிற ஊரில் உப்புக்கு வெளியூர் போன ஒரே மனுசி அவள்தான். அவள் புருசன் பலவேசம் மண் மிதித்துக்கொண்டே, "எட்டி, ஒரு வார்த்தை பேசிட்டாத்தான் என்ன" என்பான். அவள் மண்வெட்டியைத் தேடுவாள். அவன் பேச்சை நிறுத்திக்கொள்வான்.

இப்படி இருக்கையில் ராசாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. ஆற்றங்கரை நாட்டு இளவரசி, பெயர் மருதவல்லி. நல்ல குணம், நல்ல சிரிப்பு. ராசாவுக்கு அவளைப் பார்த்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அவள் பொன் கேட்கவில்லை, முத்துக் கேட்கவில்லை. "உங்க மண்ணுல பூத்த பூ ஒண்ணே ஒண்ணு வேணும். அதை வச்சுக்கிட்டுத்தான் மணமேடை ஏறுவேன். ஒரு பூகூடப் பிழைக்காத ஊர்ல நான் எப்படிப் பிழைப்பேன்?" என்று கேட்டாள். கேட்டதோடு விடாமல் மூன்று மல்லிகைச் செடிகளைத் தன் நாட்டு மண்ணோடு மூன்று பனையோலைக் கூடைகளில் வைத்து அனுப்பினாள். கல்யாணம் பங்குனிப் பௌர்ணமிக்கு. செடிகள் வந்து சேர்ந்தது ஐப்பசியில்.

சபை கூடியது. நம் ஊர் மண்ணில் எப்படி, நம் ஊர் காற்றில் எப்படி, நம் ஊர் தண்ணீரில் எப்படி என்று எல்லாரும் கையைப் பிசைந்தார்கள். அப்போது ஆவுடை எழுந்தாள்.

"மண்ணு எப்படி இருந்தா என்ன மகாராசா. செடி இருக்கப்போறது என் பானைக்குள்ள. பங்குனிக்குள்ள நான் பூ கொண்டுவரலைன்னா, என் சக்கரத்தைக் கடல்ல உருட்டி விட்டுருறேன். அப்புறம் இந்தக் கை மண்ணைத் தொடாது."

சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்று அவளுக்கே உறைத்தது. அந்தச் சக்கரம்தான் அவளுக்குச் சோறு, அதுதான் அவளுக்குப் பேர், காலையில் எழுந்தால் அவள் முதலில் தொடுவதும் அதைத்தான். ஆனால் சபையில் விட்ட வார்த்தையைத் திரும்பவும் வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியுமா.

சரி, முதல் செடி.

ஆவுடை தன்னிடம் இருந்ததிலேயே நல்ல பானையை எடுத்தாள். ஊர் மண்ணையே சலித்து நிரப்பினாள். செடியை நட்டு, தினம் தண்ணீர் ஊற்றினாள். ஒன்பதாம் நாள் செடி தலை சாய்ந்தது. பன்னிரண்டாம் நாள் குச்சி மட்டும் நின்றது. "மண்ணுல உப்பு. மண்ணு செஞ்ச வேலை" என்றாள் ஆவுடை.

இரண்டாவது செடி.

பலவேசம் வண்டி கட்டிக்கொண்டு இரண்டு நாள் பயணம் போய், செம்மண் ஏற்றி வந்தான். ஆவுடை அதைவிட நல்ல பானை ஒன்றைச் செய்தாள். இரண்டு தடவை குங்கிலியம் பூசினாள். கடல் காற்றுக்கு மறைவாக ஓலைத்தட்டி கட்டினாள். செடி துளிர்த்தது. புது இலை விட்டது. ஒரு மொட்டுகூட வைத்தது. ஊரே வந்து அந்த மொட்டைப் பார்த்துவிட்டுப் போனது. ராசா இரண்டு தடவை வந்தார், இரண்டாவது தடவை மொட்டுக்கு வணக்கம் சொன்னதாகவும் பேச்சு. பிறகு இலை ஓரம் கருகியது. மண்மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்தது. மொட்டு விரியாமலே உதிர்ந்தது. தை மாதம் பிறக்கும்போது அதுவும் குச்சி.

இப்போது மிச்சம் ஒரே ஒரு செடி. அது இன்னும் தான் வந்த ஓலைக்கூடையிலேயே, வீட்டு மூலையில் பச்சையாக இருந்தது. தண்ணீர் ஊற்றினால் கூடை ஒழுகும். ஒழுகி ஒழுகித் தரையைச் சேறாக்கும். "இதுவும் ஒரு பாத்திரமா, என் வீட்டுல வந்து ஒழுகுது" என்று ஆவுடை தினம் அதைத் திட்டுவாள். இதற்குள் ஓலை இற்றுப்போய்க் கூடை அடி கழன்றுகொண்டிருந்தது. இனி ஒரு மாதம் தாங்காது. பானைக்கு மாற்றித்தான் ஆகவேண்டும். மாற்றினால் செத்துப்போகும். அவளுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. சக்கரத்தின் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம். சோசியர் வந்து, பானையைக் கிழக்கே திருப்பு என்றார். வட்டப் பானைக்குக் கிழக்கு எது என்று பலவேசம் கேட்டான், அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வைத்தியர் வந்து, செடிக்குச் சுக்குக் கசாயம் கொடு என்றார். மந்திரி வந்து, அரச கட்டளை வாசித்துக் காட்டினால் பூக்கும் என்றார். மூன்றையும் ஆவுடை கேட்டாள். ஒன்றும் சரியாகப் படவில்லை.

அன்று சாயங்காலம் செத்த செடியின் பானைமுன் உட்கார்ந்து, அந்த வெள்ளைப் படலத்தை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. நன்றாகக் கரிக்கிற உப்பு. செம்மண்ணில் உப்பு கிடையாது. கிணற்றுத் தண்ணீரில் இருப்பதோ நாக்கில் பட்டும் படாமலும். பிறகு இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது?

பானையைப் பற்றி என்றால் அவளுக்கு எல்லாம் தெரியும். உப்பைப் பற்றித் தெரிந்தவள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

ஆவுடை எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். வேலிவரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். மூன்று வருசக் கோபம் என்றால் சும்மாவா, காலில் கல்லைக் கட்டினாற்போல் இழுத்தது. மூன்றாவது தடவை எழுந்தபோது பலவேசம், "சக்கரமா, ரோசமா?" என்று மட்டும் கேட்டான். அவள் அந்த வெள்ளைப் படலத்தை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு வேலியைத் தாண்டினாள்.

குருவம்மை பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் வாரும் பலகை கையிலிருந்து நழுவியது.

"வாங்க மைனி" என்றாள், நேற்றுத்தான் பேசியதுபோல.

ஆவுடை பாத்தி வரப்பில் ஏறி நின்றாள். கையை நீட்டினாள். "இதைப் பாருங்க மைனி. என் பானைக்குள்ள விளைஞ்சுருக்கு. எப்படி வந்துச்சுன்னு தெரியலை."

குருவம்மை ஒரு துளி வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு பாத்தியைக் காட்டினாள்.

"இந்தப் பாத்தியில நான் என்ன செய்றேன், சொல்லுங்க."

"தண்ணியைக் கட்டி வைக்கிறீய."

"வெயில் என்ன செய்யுது?"

"தண்ணியைக் குடிச்சுட்டுப் போயிருது."

"உப்பை?"

"விட்டுட்டுப் போயிருது" என்ற ஆவுடை அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்களும் அதைத்தான் மைனி செய்தீய" என்றாள் குருவம்மை. "தினம் தண்ணி ஊத்துறீய. பானை சொட்டு விடாது. தண்ணியை வெயில் குடிக்கும். தண்ணியில இருக்கிற துளி உப்பு எங்க போவும்? அங்கேயே கிடக்கும். இன்னைக்குத் துளி, நாளைக்குத் துளி. நீங்க பூச்செடி வளர்க்கலை. ஒரு சின்ன உப்பளம் நடத்தியிருக்கீய."

ஆவுடைக்குத் தன் வீட்டு மூலையில் ஒழுகிக்கொண்டிருந்த ஓலைக்கூடை நினைவுக்கு வந்தது. ஒழுகியதால்தான் அந்தச் செடி உயிரோடு இருந்தது. தினம் அதைத் திட்டியதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க, குருவம்மை சிரிக்க, அளத்தில் நின்ற நாரை பறந்தே போய்விட்டது.

மறுநாளே ஊரில் செய்தி பரவியது: ஆவுடை பானை அடியில் ஓட்டை போடப்போகிறாளாம். ஓட்டைப் பானையில் கல்யாணப் பூவாம். பெண்கள் வாயில் கை வைத்தார்கள். மந்திரி தடியை ஊன்றிக்கொண்டு சபைக்கு ஓடினார். ஆவுடையை அழைத்துவரச் சொன்னார்கள்.

"சுடுகாட்டுப் பானையை மணமேடைக்குக் கொண்டுவரப் பாக்கிறியா?" என்றார் மந்திரி. "ஓட்டை அமங்கலம். இது அரண்மனை வாசலுக்குள்ள நுழையக் கூடாது."

ராசா மந்திரியைப் பார்த்தார், ஆவுடையைப் பார்த்தார், மேற்கூரையைப் பார்த்தார். கல்யாணம் கைநழுவிப் போகிறதே என்று அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

ஆவுடை கும்பிட்டுவிட்டுக் கேட்டாள்.

"ஐயா, உங்க மகளுக்குக் காதுல கம்மல் இருக்கே. எதுல மாட்டியிருக்கு?"

"காதுல."

"காதுல எதுல?"

மந்திரி தன் காதைத் தடவிக்கொண்டார்.

"உங்க வீட்டம்மா மூக்குல மூக்குத்தி மின்னுதே. அது எதுல நிக்குது?"

மந்திரி தடியை மாற்றிப் பிடித்தார்.

"மகாராசா கழுத்துல முத்து மாலை. ஓட்டை போடாத முத்து ஒண்ணாவது நூல்ல ஏறுமா?"

சபையில் சிரிப்பு கிளம்பியது. மந்திரிக்கு முகம் சிவந்தது. "அதெல்லாம் வேற" என்றார். "அதெல்லாம் நல்ல நாள் பார்த்து, மடியில உட்கார வச்சு, முறைப்படி குத்தினது."

ஆவுடை அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தாள்போல.

"ஐயா சொன்னா சரிதான்" என்றாள். "அப்போ வெள்ளிக்கிழமை என் பானைக்குக் காதுகுத்து. முறைப்படி. மகாராசாவும் மந்திரி ஐயாவும் குடும்பத்தோட வந்துரணும்."

ராசா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. மந்திரி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

ஆவுடை புதிதாக ஒரு பானை வனைந்தாள். இந்தத் தடவை குங்கிலியம் பூசவில்லை. சூளையில் வைக்குமுன், பச்சைப் பானையாக இருக்கும்போதே குத்திவிடவேண்டும். குழந்தைக்கும் காது இளசாக இருக்கும்போதுதானே குத்துகிறோம்.

வெள்ளிக்கிழமை ஊரே திரண்டுவிட்டது. வாசலில் பந்தல் போட்டு, பனங்குருத்தில் தோரணம் கட்டினார்கள். அண்டா நிறைய வெல்லம் போட்ட காப்பரிசி. பானைக்கு மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, சின்னதாக ஒரு பட்டுத் துண்டும் சுற்றினார்கள். தாய்மாமன் மடி வேண்டுமே? மைனியின் புருசன் அண்ணன்தானே. குருவம்மை வீட்டுக்காரன் சங்கிலி புது வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்தான். பானையை முட்டையைப்போல இரண்டு கையாலும் ஏந்தி மடியில் வாங்கினான். பச்சைப் பானை, அழுத்தினால் நசுங்கிவிடும்.

"பிள்ளை அழுதா என்ன செய்ய?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"காப்பரிசியை வாயில போடு" என்றாள் குருவம்மை.

குலவை எழுந்தது. ஆவுடை செப்பு ஊசியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் சற்று நின்றாள். வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டு ஒழுகாத பானைக்காக உழைத்த கை அது. அந்தக் கையே இப்போது ஓட்டை போடவேண்டும். நெஞ்சு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. கண்ணை மூடிக்கொள்ளாமல், பானை அடியில் மூன்று இடத்தில் குத்தினாள். சங்கிலி பானையைத் தூக்கிக் காட்டினான். மூன்று ஓட்டை வழியாகவும் வெயில் உள்ளே வந்தது. பார்க்க அழகாகவே இருந்தது என்று பிற்பாடு மந்திரியின் மனைவி சொன்னாள்.

பானை வெந்து வந்தது. அடியில் ஓட்டாஞ்சில்லுப் போட்டு, செம்மண் நிரப்பி, மூன்றாவது செடியை நட்டாள். கீழே ஒரு தட்டு வைத்தாள். தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே போய், வேரை நனைத்து, உப்பைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கியது. தட்டில் வடிந்தது வெயிலில் காய்ந்து வெள்ளையாகப் படிந்தது. குருவம்மை தினம் காலையில் வந்து அந்த உப்பைச் சுரண்டி எடுப்பாள். "இன்னைக்கும் விளைச்சல் நல்லாருக்கு மைனி" என்பாள். மண்மேல் ஒரு வெள்ளைப் பொட்டுக்கூட இல்லை.

மாசியில் செடி கிளை விட்டது. பங்குனி பிறந்ததும் மொட்டு வைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு வந்தவர்கள் முப்பதுக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். ஆவுடை மட்டும் எண்ணவே இல்லை. மொட்டு உதிர்வதை ஒரு தடவை பார்த்தவள் ஆயிற்றே. பௌர்ணமிக்கு முதல்நாள் சாயங்காலம் சூளைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று காற்றில் புதிதாக ஏதோ வந்தது. உப்பு வாசனை இல்லை, மீன் வாசனை இல்லை. தெருவில் போனவர்கள் நின்றார்கள். இது என்ன, இது எங்கிருந்து என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். மல்லிகை விரிந்துவிட்டது. ஆவுடை விறகைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டி ஓடி, குருவம்மையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் பானைமுன் நின்று அழுதார்கள். சந்தோசத்தில்தான்.

கல்யாணம் நடந்தது. மருதவல்லி ஒரு பூதான் கேட்டிருந்தாள், ஒரு சரமே கிடைத்தது. அதில் பாதியைக் கிள்ளி ஆவுடை தலையிலும் குருவம்மை தலையிலும் அவளே வைத்துவிட்டாள். ராசாவின் பெயருக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் வந்தது. மறுவாரத்திலிருந்து உவர்மங்கலத்தில் வீட்டுக்கு வீடு பானைக்குக் காதுகுத்து. சங்கிலிக்குத் தாய்மாமனாக உட்கார்ந்து உட்கார்ந்து முதுகே பிடித்துக்கொண்டது. மந்திரிகூட ஆள் பார்க்காத நேரமாக வந்து, மூன்று பானைக்குக் குத்தி வாங்கிக்கொண்டு போனார்.

சக்கரம் கடலுக்குப் போகவில்லை. வீட்டு முற்றத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அதன்முன் உட்கார்ந்துகொண்டு ஆவுடை சொன்னாள்:

"மைனி, அந்தப் பானை ஒழுகத்தான் செஞ்சிருக்கும். அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கணும்."

"மூணு சொட்டுத்தான் மைனி" என்றாள் குருவம்மை.

"ஒரு சொட்டு."

"மூணு."

"சரி, ரெண்டு" என்றாள் ஆவுடை. ரெண்டு என்று முடிவானது. மூன்று வருசம் அடைத்துக் கிடந்தது அந்த இரண்டு சொட்டோடு வடிந்துபோனது.

கதை இவ்வளவுதான், காப்பரிசி மிச்சம் இருந்தால் இந்தப் பக்கம் தள்ளுங்கள், நீதியைச் சொல்லிவிட்டு எழுந்துகொள்கிறேன்: எதையும் விடாமல் பிடித்து வைத்திருக்கும் மனத்தில் உப்புத்தான் விளையும், வேண்டாததை வடிய விடும் மனத்தில்தான் பூ பூக்கும்.